சோலிங்கன் கத்தியும் ஒரு வாட்டர் பேப்பரும்

ஒரு விஷயம் சுத்தமாகத் தெரியாதவனால் குடும்பத்துக்கு எந்தக் கெடுதலும் வருவதில்லை. முழுசாகத் தெரிந்தவனாலும் வருவதில்லை. நடுவில், ஏழெட்டு மாதம் இன்டர்நெட்டில் படித்துவிட்டு, கண்ணை லேசாக மூடி, "அப்படிச் சட்டுனு சொல்லிட முடியாது" என்று ஆரம்பிக்கிறானே, அவனைத்தான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். 2007-ல் அந்த ஆசாமி நான். என்னை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. நடு ஹாலில் நாற்காலி போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்து உட்கார வைத்தார்கள். புது மாப்பிள்ளை இல்லையா.

எனக்கு ஏழெட்டு மாதமாகத் தெரிந்திருந்த விஷயம் பழைய ஜெர்மன் சவரக் கத்திகள். பிளேடு மாற்றுகிற ரகம் இல்லை. கைப்பிடிக்குள் மடங்கி, விரித்தால் வயிற்றைக் கலக்குகிற முழுக் கத்தி. நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங், அதாவது 'பக்' என்கிற பிழைகளைப் பிடிக்கிற வேலை பார்த்தேன். மற்றவர்கள் புரோகிராம் எழுதி முடிக்கிற வரைக்கும் எங்களுக்கு வேலை இல்லை. அவர்கள் சீக்கிரத்தில் எழுதி முடிக்கிற வழக்கமும் இல்லை. அந்த இடைவெளியில் பக்கத்து சீட்காரர்கள் ஷேர் மார்க்கெட் பார்த்தார்கள், கேளம்பாக்கத்தில் மனை பார்த்தார்கள். நான் உலகத்தில் உள்ள கத்திப் பைத்தியங்கள் எல்லாம் கூடிப் பேசுகிற ஒரு இணையதளத்தைப் பார்த்தேன். மனை பார்த்தவர்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள்.

அந்தத் தளத்தில் ஒரு கத்தியின் வயதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கத்தியின் இரும்பு கைப்பிடியோடு சேருகிற இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தவன் பெயரும் ஊரும் அங்கேதான் குத்தியிருக்கும். ஊர் பெரும்பாலும் சோலிங்கன். ஜெர்மனியில் கத்திக்கென்றே பேர்போன ஊர் அது. ஊரோடு நாட்டின் பெயரும் இருந்தால், 1890 வாக்கிலோ அதற்குப் பிறகோ செய்தது. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சட்டம் வந்தது அப்போதுதான். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. கைப்பிடி தந்தமா, கொம்பா, தந்தம் மாதிரி தெரிகிற செல்லுலாய்டா என்று பார்க்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் விரல் வைக்க நீண்டிருக்கிற வாலின் நீளம் பார்க்க வேண்டும். நகத்தால் முனையைச் சுண்டினால் எழும் சத்தத்தை வைத்து, அலகை எவ்வளவு மெல்லிசாகக் குடைந்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். நான் எல்லாவற்றையும் சுண்டிப் பார்க்க ஆரம்பித்தேன், சாப்பாட்டுத் தட்டு உட்பட.

சொந்தமாக என்னிடம் இருந்தது ஒரே கத்தி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு காயலான் கடையில் துருவோடு துருவாக வாங்கியது. அதை வைத்து ஒரு நாள் சவரம் செய்துகொண்டேன். அன்று ஆபீசில் கன்னத்துப் பிளாஸ்திரியைப் பற்றிக் கேட்டவர்களிடம், பூனை பிராண்டிவிட்டது என்றேன். (வீட்டில் பூனை கிடையாது.) என் மனைவி ஹேமா, "இதையெல்லாம் ஜாதகத்தோட சேர்த்து அனுப்பியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள்.

இந்தப் பெருமை ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த என் மாமனார் காதுக்கு எட்டியது. ரங்கநாதன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பீரோவைத் திறந்து, பழைய வேஷ்டித் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்தேன். சவரக் கத்தி. கத்தி என்பதை அதன் வடிவத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் வைத்து, சாமிக்கு வைத்ததை அழுத்தித் துடைக்கக் கூடாது என்று அப்படியே மடித்து வைத்து, அடுத்த வருஷம் அதன்மேலேயே மறுபடியும் வைத்து, இரும்பு கண்ணில் படாத அளவுக்குப் படிந்திருந்தது.

அந்தக் கத்தியின் கதையை நான் என் கல்யாணப் பந்தியிலேயே கேட்டிருந்தேன். மாமாவின் தாத்தா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலில் காணாமல் போன பெட்டிகளை அவர் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தாராம். கப்பலின் கேப்டன் ஊருக்குக் கிளம்பும்போது, தன் சொந்தச் சவரக் கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். மாமா இதை என் அப்பாவிடம் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"எந்தக் கேப்டன்? பழைய சாமான் கடையில வாங்கினது அது. இந்தப் பக்கம் பாயசம் போடுங்கப்பா."

புது சம்பந்தி எதிரில் மாமா முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு அவர் பாயசம் சாப்பிடவில்லை.

அந்த அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிற வரதராஜன், ரயில்வேயில் அக்கவுண்ட்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்தில் அவர்களுடைய அப்பா வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். பாகம் பிரித்தபோது மனை மூத்தவருக்கு என்றும், கத்தி இளையவருக்கு என்றும் அப்பாவே சொல்லிவிட்டுப் போனாராம். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. லோன் போட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டினார். ஆனால் கல்யாணப் பந்தியில் விழுந்த அந்த ஒரு வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

"மாப்பிள்ளை, ஆயுத பூஜைக்கு அண்ணனைக் கூப்பிட்டிருக்கேன். அதுக்குள்ள நீங்க இதைப் பார்த்து, எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

"என்ன சொல்லணும் மாமா?"

"அண்ணனுக்கு இடத்தைக் குடுத்தார், எனக்கு இதைக் குடுத்தார். நான் கேட்கவே இல்ல. ஆனா அப்பா எனக்கு ஒரு பொக்கிஷத்தைக் குடுத்தாரா, இல்ல கடை இரும்பு ஒண்ணைக் குடுத்துட்டு ஒரு கதையும் சொல்லிட்டுப் போனாரான்னு எனக்குத் தெரியணும்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வேஷ்டித் துணியை மடித்துக்கொண்டிருந்தார். புத்தியுள்ளவன் அங்கேயே, "கத்தியை வைத்து வயதைச் சொல்லலாம் மாமா, கொடுத்தது யார் என்று சொல்ல முடியாது" என்று ஒதுங்கியிருப்பான். நான் கண்ணை லேசாக மூடிக்கொண்டு, "கழுத்து எழுத்தைப் பார்த்துட்டா சொல்லிடலாம் மாமா" என்றேன்.

கத்தியைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வண்டியில் இரும்புலியூருக்குக் கொண்டுவந்தேன். அங்கே மாடியில் ஒரு போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் வைத்து ஒரு முழு மதியம் சந்தனத்தைக் கரைத்தேன். கழுத்தில் எழுத்து மெல்லத் தெரிந்தது. செய்தவன் பெயர். கீழே சோலிங்கன். அதற்கும் கீழே ஜெர்மனி. கைப்பிடி செல்லுலாய்டு. நான் ஹேமாவைக் கூப்பிட்டு, பிறந்த குழந்தையைக் காட்டுகிற மாதிரி காட்டினேன். செய்தவன் முதல் உலகப் போரோடு கடையை மூடியவன் என்று தளத்துப் பட்டியலில் இருந்ததால், அதற்கு முந்தைய கத்தி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாமாவின் தாத்தா துறைமுகத்தில் இருந்த காலமும் அதுதான்.

அத்தோடு மடித்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அலகின் நடுவில், ஒரு பக்கம் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் திட்டு இருந்தது. தண்ணீருக்குப் போகவில்லை. பஞ்சுக்குப் போகவில்லை. சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் பார்த்தவன் நான். மஞ்சள் லேசில் போகாது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். இத்தனை வருஷப் பூஜை மஞ்சள், இரும்புக்குள்ளேயே ஊறிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

ஹேமா எட்டிப் பார்த்து, "மஞ்சள் இப்படி மின்னுமா?" என்று கேட்டாள்.

"இது அந்தக் காலத்து மஞ்சள். கலப்படம் இல்லாதது," என்றேன்.

அந்தத் தளத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கத்தியைச் சுத்தம் செய்தாலும் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் போட வேண்டும். என் டிஜிட்டல் கேமராவில் மஞ்சள் திட்டோடு 'முன்' படத்தை எடுத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு பெயின்ட், ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற வழவழப்பான உப்புத்தாளை வாட்டர் பேப்பர் என்பார்கள். அதில் ஒன்று கேட்டேன்.

"இன்னா சார், வண்டிக்கா?"

"இல்லைங்க. ஒரு கத்திக்கு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கத்திக்கா? இன்னா கறை கீது அதுல?"

"பயப்படாதீங்க. மஞ்சள் கறைதான்."

"அப்ப இத்த எடுத்துக்கினு போ சார். தண்ணில நனைச்சுகினே தேய்ச்சீனா, இன்னா கறை இருந்தாலும் பூடும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அரை மணி நேரம் நனைத்துகினே தேய்த்தேன். போய்விட்டது. அதற்கு மேல் பித்தளை பாலிஷும் போட்டேன். அலகில் என் முகம் தெரிந்தது, அசட்டுச் சிரிப்போடு. 'பின்' படத்தையும் எடுத்து, இரண்டையும் தளத்தில் ஏற்றி, 'இந்தியச் சடங்குக் கறையை அகற்றிய விதம்' என்று தலைப்பும் கொடுத்தேன்.

மறுநாள் நாவலூரில், ஆபீசில் உட்கார்ந்து பதில்களைத் திறந்தேன். முதல் பதில் ஒரு ஜெர்மன்காரருடையது. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எங்கள் தளத்தில் அவர் வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது. கேள்வி ஒன்றுதான் கேட்டிருந்தார். முதல் படத்தில் இருந்த பொன் பூச்சு இரண்டாம் படத்தில் எங்கே?

அதற்குக் கீழே, பொறுமையாக, எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை போலும் என்று ஆரம்பித்து விளக்கியிருந்தார். அந்தக் காலத்துக் கத்திகளின் அலகில் அமிலத்தால் படமோ எழுத்தோ மேலாகப் பொறித்து, அதன்மேல் தங்கத்தை மிக மெல்லிசாகப் பூசுவார்கள். அழுத்தித் துடைத்தாலே போய்விடும் என்பதால் சேகரிப்பவர்கள் அந்த இடத்தில் விரல்கூட வைக்க மாட்டார்கள். உங்கள் முதல் படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் அடித்திருப்பதால் அது என்ன உருவம் என்று தெரியவில்லை. பூவாக இருக்கலாம், கட்டடமாக இருக்கலாம். பரிசாகக் கொடுத்த கத்தி என்றால் பெயரும் இருப்பதுண்டு. இப்போது அது எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். கடைசியில், மனிதர் பண்புள்ளவர் என்பதால், 'மற்றபடி நன்றாகத் தேய்த்திருக்கிறீர்கள்' என்று முடித்திருந்தார்.

என் படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளை வெளிச்சம். ஓரத்தில் மஞ்சள். என் மேனேஜர் அந்தப் பக்கம் வந்து, "என்னாச்சு, முகமே சரியில்ல? எதாவது பெரிய பக் மாட்டுச்சா?" என்றார். இல்லை சார் என்றேன். கேப்டன் கொடுத்தாரா என்று கேட்ட மனிதருக்கு, கேப்டனின் பெயரே அதில் இருந்து, அதை நான் அரை மணி நேரம் தண்ணீர் தொட்டுத் தேய்த்திருந்தால், என்ன பதில் சொல்வது? அன்று மதியம் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து ஹேமாவிடம் சொன்னேன். அவள் கத்தியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"வருஷத்தைச் சொல்றேன்."

"தங்கத்தை?"

நான் வேஷ்டித் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லாம மட்டும் வந்துடாதீங்க," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குப் போனோம். ஹாலில் மாமாவின் கணக்குப் புத்தகங்கள், காம்பஸ் பெட்டி, அத்தையின் கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாம் அடுக்கியிருந்தன. உச்சியில் கத்திக்கென்று இடம் விட்டிருந்தார்கள். பொரியும் கடலையும் தட்டில் தயார். பெரிய மாமா முன்னாலேயே வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தது தம்பிக்காக இல்லை, தம்பி தோற்பதைப் பார்க்க என்பது போல இருந்தது முகம்.

நான் துணியைப் பிரித்துக் கத்தியை மாமா கையில் கொடுத்தேன். அவர் விரித்தார். ஜன்னல் வெயில் பட்டு அது சுவரில் ஒரு வெளிச்சத்தை அடித்தது.

"அடேயப்பா, கண்ணாடி மாதிரி ஆக்கிட்டீங்களே மாப்பிள்ளை," என்றார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அந்த வார்த்தை என்னை அறைந்தது. முதலில் தங்கத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், வாயைத் திறந்து கழுத்து எழுத்தில் ஆரம்பித்தேன்.

ஊர், நாடு, சட்டம், செல்லுலாய்டு, வால். ஒன்றையும் விடவில்லை. குற்றம் உள்ள மனசுதான் இவ்வளவு விவரமாகப் பேசும் என்று இப்போது தோன்றுகிறது. நகத்தால் சுண்டிச் சத்தமும் காட்டினேன். கடைசியில், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளுக்கும் முதல் உலகப் போருக்கும் நடுவில் செய்த கத்தி என்று தீர்ப்பு சொன்னேன்.

மாமா அண்ணனைப் பார்த்தார். "தாத்தா ஹார்பர்ல இருந்த காலம்ணா."

பெரிய மாமா கையை மட்டும் நீட்டினார். மாமா கத்தியைக் கொடுத்தார். பெரிய மாமா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அலகை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பிறகு இன்னொரு பக்கமாகச் சாய்த்தார். திருப்பினார். மறுபடியும் சாய்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"கப்பல் எங்கே?" என்றார்.

"எந்தக் கப்பல்ணா?" என்றார் மாமா.

"இதுல இருக்குமே, தங்கத்துல. ரெண்டு புகைபோக்கி. கீழே அலை மூணு கோடு. சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியும். எங்கே அது?"

மாமாவுக்குப் புரியவில்லை. அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. தாத்தா இருந்தவரை கத்தியில் எண்ணெயைத் தவிர எதுவும் படவிட மாட்டாராம். அவர் போன பிறகுதான் வீட்டில் அதற்குச் சந்தனமும் மஞ்சளும் வைக்க ஆரம்பித்தார்கள். அப்போது மாமா கைக்குழந்தை. அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கத்தி சந்தனக் கட்டிதான்.

ஹேமா என்னைப் பார்த்தாள்.

"நான்தான் பெரிய மாமா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான்தான் தேய்ச்சு எடுத்துட்டேன். மஞ்சள்னு நினைச்சு."

அத்தைதான், நல்ல மனுஷி, மாப்பிள்ளைக்கு ஆதரவாக எதையாவது சொல்ல வேண்டும் என்று, "மஞ்சளும் வைக்கிறதுதானே" என்றார். அது காற்றோடு போய்விட்டது.

பெரிய மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தியை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தம்பியிடம் பேசினார்.

"அப்பா என்னை ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போய் காட்டுவார்டா. தாத்தாவுக்குக் கேப்டன் குடுத்தது, நீ பெரியவனானதும் உனக்குன்னு சொல்லிச் சொல்லிக் காட்டுவார். அப்புறம் உனக்குக் குடுத்துட்டார்."

"அண்ணா, நீதானே கடையில வாங்கினதுன்னு..."

"ஆமா, நான்தான் சொன்னேன். ஊர் பூரா சொன்னேன். எனக்குக் கோபம்டா. மனை யாருக்கு வேணும்? நான் கேட்டேனா? கத்தி கிடைக்காதவன் வேற என்ன சொல்லுவான்?"

மாமா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். எழுபதை நெருங்குகிற மனிதர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தார். "உனக்குக் காட்டினாரா?" என்றார். "எனக்கு ஒரு நாளும் காட்டலையேண்ணா. பாகம் பிரிச்ச அன்னிக்குத் துணியோட கையில வச்சார், அவ்வளவுதான். நான் இத்தனை வருஷமா கேப்டன் கேப்டன்னு சொல்லிட்டிருந்தேன், உள்ள ஒரு கப்பல் இருக்குன்னே தெரியாம."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குள் இருந்த நிபுணர், அவ்வளவு அடிபட்டும் சாகாமல், "அந்தக் காலத்துல கப்பல் படம் போட்ட கத்திங்க கடைகள்லயும் சாதாரணமா..." என்று ஆரம்பித்தார். ஹேமா என் காலை மிதித்தாள். அன்று நான் சொல்ல வந்ததிலேயே ரொம்ப உண்மையான விஷயம் அதுதான். இன்றுவரை அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

பூஜைக்கு நேரமாகிறது என்று அத்தை சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். பெரிய மாமா அதைப் பார்த்தார். ஒரு தீக்குச்சி கேட்டார். கொடுத்தேன். குச்சியின் பின்பக்கத்தைச் சந்தனத்தில் தொட்டு, என் முகம் தெரிந்த அந்த அலகில் வரைய ஆரம்பித்தார். ஒரு வளைந்த கோடு. அதன்மேல் இரண்டு சின்னக் கோடு. கீழே அலை மூன்று. ரயில்வே கணக்கு எழுதிய கை, நடுங்காமல் வரைந்தது. முடித்துவிட்டு அலகைச் சாய்த்துத் தம்பிக்குக் காட்டினார்.

"இப்படித்தான் இருக்கும்," என்றார்.

மாமா வாங்கிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தியைக் கொண்டுபோய் புத்தகங்களுக்கு மேலே வைத்தார். கேப்டன் கொடுத்தாரா, கடையில் வாங்கியதா என்று அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எனக்கு மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. மறுநாள் விஜயதசமி. பூஜைச் சாமான்களை எடுத்து வைக்கும்போது, கத்தியை இனிமேல் சந்தனத்தோடு மடிக்கக் கூடாது, துடைத்துத்தான் வைக்க வேண்டும் என்று ஆயிற்று. சந்தனத்தின் ஈரம் எஃகைத் தின்றுவிடும் என்று நானே பிரசங்கம் செய்திருந்தேன். யார் துடைப்பது என்ற கேள்வி வந்தபோது, பெரிய மாமா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: "மாப்பிள்ளை செய்யட்டும். அதுல அவருக்குத்தான் அனுபவம்."

அப்படி வருஷா வருஷம் ஆகிப்போனது. ஆயுத பூஜைக்குப் பெரிய மாமா வந்து தீக்குச்சியால் கப்பல் வரைவார். மறுநாள் காலையில் குடும்பம் மொத்தமும் சுற்றி நிற்க, நான் மெல்லிய துணியால் அதைத் துடைத்து, எண்ணெய் தடவி வைப்பேன். கப்பல் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. மூன்றாவது புகைபோக்கி வந்தது, கொடி வந்தது. ஒரு வருஷம் மேல்தட்டில் ஒரு ஆள்கூட நின்றார். தாத்தா என்றார் மாமா, கேப்டன் என்றார் பெரிய மாமா. அதற்கு அவர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், சந்தோஷமாக. நான் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், "மாப்பிள்ளை வர்றார், வெள்ளி விளக்கை உள்ள எடுத்து வை" என்று குரல் கேட்கும். என் மகள் பள்ளிக்கூடத்தில், எங்க அப்பா ஒரு கப்பலையே மூழ்கடிச்சவர் என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் என்னைக் கடற்படை என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினார்.

இந்த வருஷம் பெரிய மாமா இல்லை. சித்திரையில் போய்விட்டார். ஆயுத பூஜை அன்று யாரும் எதுவும் சொல்லாமலே மாமா தீக்குச்சியை எடுத்தார். ஒரிஜினல் கப்பலை ஒரு நாளும் பார்க்காதவர், அண்ணன் வரைய வரையப் பார்த்த கப்பலை வரைந்தார். இரண்டே புகைபோக்கிதான் போட்டார். கோடு கோணலாக வந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல எல்லாரும் சுற்றி நின்றார்கள். அத்தை துணியையும் எண்ணெயையும் கொண்டுவந்து வைத்தார். நான் கத்தியைக் கையில் எடுத்தேன். சந்தனம் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது.

"துடைங்க மாப்பிள்ளை," என்றார் மாமா.

"இன்னிக்குக் கை வலிக்குது மாமா," என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இன்னொரு நாள் பார்த்துக்கலாம்," என்று கத்தியை வாங்கி வேஷ்டித் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தார்.

சந்தனத்துக்கு அடியில் எஃகு எப்படிப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும், அந்தப் புள்ளி எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்த ஜெர்மன் பல் மருத்துவர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். போன வாரம்கூட ராஜகீழ்ப்பாக்கம் போயிருந்தேன். மாமாவும் துடைக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கப்பல் பீரோவுக்குள்தான் இருக்கிறது.